வரையாட்டுக்காக ஒரு குதிரைச் சவாரி: எல்லைக் கிராமத்திலிருந்து முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு வரப்பில் நின்றால் தென்மேற்கே நெல்லியாம்பதி மலை நீலமாகத் தெரியும். அதற்கும் தெற்கே பறம்பிக்குளம். சின்ன வயதிலிருந்து பார்த்த மலைதான். அங்கே என்னென்ன வாழ்கிறது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. சங்கப் பாடல்கள் வருடை என்று சொன்ன வரையாடு உலகத்தில் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லை. 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழகமும் சேர்ந்து கணக்கெடுத்தபோது இரண்டு மாநிலத்திலும் சேர்த்து 2,668 ஆடுகள். ஒரு கல்யாண மண்டபக் கூட்டத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

எங்கள் பகுதியில் குதிரை புதிதல்ல. தத்தமங்கலத்துக் குதிரையோட்டம் தெரியாதவர்கள் சித்தூர் தாலுகாவில் கிடையாது. நல்ல குதிரை வேண்டும் என்றால் ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்கு வண்டி கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குதிரை இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அந்த ஆர்வத்தை மலைக்குத் திருப்பலாமே என்றுதான் நண்பர்கள் சிலர் சேர்ந்து நிதி திரட்டும் சவாரியில் இறங்கினோம். இரண்டு தடவை கலந்துகொண்டேன். முதல் தடவை நிறையத் தப்பு செய்தேன். நீங்கள் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்காகச் செய்யும் சவாரி காட்டுக்குள்ளே போகக் கூடாது. தோப்பு, வாய்க்கால் கரை, ஊர்ப்பாதை, இவை போதும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பணத்தின் வழியைக் கேளுங்கள்

குதிரையைப் பற்றி யோசிக்கும் முன்பே ஏற்பாட்டாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வசூலாகும் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? தனி ஆளின் பெயரிலா, பதிவு செய்த அறக்கட்டளையின் பெயரிலா? அந்த அறக்கட்டளையின் பான் எண் என்ன, 80ஜி என்று நாம் சொல்லும் நன்கொடை வரிச்சலுகைப் பதிவு இருக்கிறதா? பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் கிடைக்காது. அதனால் பெரிய தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டால் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். அவர் இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும்; அதற்கான பதிவோ அரசின் முன்அனுமதியோ உள்ள அமைப்பு மட்டும்தான் வாங்கலாம்.

முதல் தடவை நான் இதைக் கேட்கவில்லை. வசூலில் பெரும்பங்கு மேடைக்கும் பனியனுக்கும் பிரியாணிக்கும் போனது பின்னால்தான் தெரிந்தது. மலைக்குப் போனது மிச்சம் மீதி. வீடு வீடாகப் போய்க் கேட்டவன் நான். கொடுத்தவர்கள் முகத்தில் பல மாதம் விழிக்க முடியவில்லை. இப்போது எங்கள் முறை இதுதான்: சாப்பாடு, மருத்துவர், வண்டி எல்லாம் கலந்துகொள்கிறவர்களின் நுழைவுக் கட்டணத்திலிருந்து. நன்கொடை தனிக்கணக்கு. அதிலிருந்து ஒரு டீச்செலவு கூட எடுக்கக் கூடாது.

பணம் எதற்குப் போகிறது என்பதையும் குறிப்பாகக் கேளுங்கள். 'வனவிலங்குப் பாதுகாப்பு' என்ற ஒற்றை வார்த்தை பதில் ஆகாது. வரையாட்டுக்கு வேண்டியது உச்சிமலைப் புல்வெளி. தேயிலையும் யூக்கலிப்டசும் வாட்டில் என்னும் சீகை மரமும் அதைத் தின்றுவிட்டன. ஒரு மலையில் இருக்கும் மந்தை அடுத்த மலைக்குப் போக முடியாமல் துண்டுபட்டுக் கிடக்கிறது. அந்நிய மரத்தை அகற்றிப் புல்லை மீட்பதற்குப் பணம் என்றால் புரிகிறது. சிங்கவால் குரங்குக்கு வேண்டியது விடாமல் கோத்த மரக்கிளை. ரோடு வெட்டிய இடத்தில் அது தரையில் இறங்கி அடிபடுகிறது. வால்பாறை புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கு மேலே கயிற்றுப்பாலம் கட்டியிருப்பது அதற்காகத்தான். இப்படி விலங்கையும் வேலையையும் சேர்த்துச் சொல்கிறவர்களை நம்பலாம். யாரையும் தெரியாது என்றால், ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் சட்டப்படி ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை உண்டு. பறம்பிக்குளத்துக்கும் இருக்கிறது, ஆனைமலைக்கும் இருக்கிறது. நேராக அங்கேயே பேசலாம்.

உங்கள் எடையும் குதிரையின் எடையும்

இந்தப் பேச்சு பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் பேசியாக வேண்டும். சேணத்தோடு சேர்த்துக் குதிரை சுமக்கும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடை மேடை வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை செ.மீ.யில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எடை கிலோவில் வரும். எங்கள் செவலைப் பெட்டைக்குச் சுற்றளவு 165, நீளம் 150. எடை 344 கிலோ. அது சுமக்கலாம் என்பது 69 கிலோ. சேணம் 8 கிலோ போனால் மேலே உட்காருகிறவர் 61 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

என் அண்ணன் 84 கிலோ. அவருக்குக் குதிரை மேல் உயிர். ஆனால் செவலை மேல் ஏறமாட்டார். தண்ணீர் ஜீப்பை ஓட்டுவது அவர்தான். சவாரியில் அவருக்கு இருக்கும் பொறுப்பு எங்கள் யாருக்கும் இல்லை. குதிரைப் பக்கத்தில் நடந்தே வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் கிலோமீட்டர் கணக்கில் நன்கொடை சேரும்.

ஏறப் போகிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று மாதம் பழகுங்கள். நடையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். லாயத்தில் டிராட் என்று சொல்லும் துள்ளுநடையில்தான் தெரியும். அதில் எழுந்து எழுந்து உட்காரத் தெரியாதவர் ஒவ்வொரு அடியிலும் குதிரையின் முதுகில் தொப்பென்று விழுகிறார். அந்த வலியைக் குதிரை வாயால் சொல்லாது. வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் தொடை எரியாமல் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். கட்டாயம் குதிரைச் சவாரிக்கான ஹெல்மெட். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் முழுசாக நுழைந்து சிக்கிக்கொள்ளாதபடி சின்னக் குதிகால் வைத்த ஷூ. ஜீன்ஸ் வேண்டாம், உள்தையல் தோலை உரித்துவிடும். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணிலும் சாணத்திலும் அந்தக் கிருமி எப்போதும் இருக்கும்.

குதிரையைத் தயார்ப்படுத்த எட்டு வாரம்

மங்கோலியாவில் 2009 முதல் நடக்கும் மங்கோல் டெர்பி 1,000 கி.மீ. தூரம் என்று படித்துவிட்டு, நாமும் நாளுக்கு 60, 70 போகலாமே என்று ஒரு தம்பி கேட்டான். அங்கே சுமார் 40 கி.மீ.க்கு ஒருமுறை வேறு குதிரை மாற்றிக்கொள்கிறார்கள். நமக்கு இருப்பது ஒரே குதிரை, கீழே இருப்பது தார்ரோடு, மேலே நம் ஊர் வெயில். நாளுக்கு 20 கி.மீ., இரண்டு நாள். இது போதும். கொடுக்கிறவர்கள் தூரத்துக்காகக் கொடுப்பதில்லை.

முதல் இரண்டு வாரம் ஐந்து ஆறு கி.மீ. வெறும் நடை, வாரத்துக்கு நான்கு நாள். அடுத்த இரண்டு வாரம் எட்டிலிருந்து பத்து கி.மீ., இடையிடையே கொஞ்சம் துள்ளுநடை. ஆறாவது வார முடிவில் 15. ஏழாவது வாரம் ஒரே ஒரு நாள் 18 அல்லது 20 போய்ப் பாருங்கள். எட்டாவது வாரம் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் கூட்டினால் பலன் இல்லை, களைப்புதான் மிஞ்சும். ஐந்து வயதுக்குக் குறைந்த குதிரை, சினைப் பெட்டை, நொண்டுகிற குதிரை, இவற்றைக் கூட்டி வராதீர்கள். லாடம் சவாரிக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால் அடித்துவிட வேண்டும். முந்தின நாள் அடித்து, ஆணி உயிர்ச்சதைக்குப் பக்கத்தில் போயிருந்தால் அது பாதி வழியில்தான் தெரியவரும்.

சேணத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் வருடம் இரவல் சேணம். பார்க்க அழகாக இருந்தது. பிடரி முடிகிற இடத்தில் முதுகெலும்பு மேடு இருக்கிறதே, அதில் சேணம் படிந்து உட்கார்ந்திருக்கிறது, இடைவெளி இல்லை. எனக்கு அது தெரியவில்லை. மாலையில் கழற்றும்போது உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது. ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நீங்கள் ஏறி உட்கார்ந்தபின்பு அந்த மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கழற்றியதும் விரிப்பின் அடியைப் பாருங்கள்: வியர்வை ஒரே சீராகப் படிந்திருந்தால் நல்லது. வியர்வைக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் இருக்கலாம். புதுச் சேணத்தையோ புது விரிப்பையோ சவாரி நாளில் முதல்முறையாகப் போடவே போடாதீர்கள்.

கால்நடை மருத்துவர், எல்லைச் சோதனைச்சாவடி

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து குதிரை கொண்டுவருகிறவர்கள் கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று ஏதாவது ஒரு சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும். கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்று கையில் இருக்கட்டும். குதிரை ஏறிய வண்டியைச் சாவடி வெயிலில் நிறுத்திவைத்து வாதாடுவது அந்தக் குதிரைக்குத்தான் தண்டனை.

சான்றை விட முக்கியம் கிளாண்டர்ஸ் பரிசோதனை. மூக்கில் சீழும் தோலில் புண்ணுமாக வரும் பாக்டீரியா நோய் இது. வெளியில் ஒன்றும் தெரியாமலும் குதிரைக்குள் இருக்கும். தடுப்பூசி கிடையாது, மனிதனுக்கும் தொற்றும், உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். தொற்றுள்ள இறைச்சியைத் தின்ற பூனை இன விலங்குகளுக்கும் இது பரவும். புலி நடமாடும் மலையடிவாரத்துக்குப் பல ஊர்க் குதிரைகளைக் கூட்டிச் சேர்க்கிறோம் என்றால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். ரத்த மாதிரியை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் போன்ற அங்கீகரித்த ஆய்வகத்துக்குத்தான் அனுப்புவார்கள். முடிவு வர நாளாகும். ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் குதிரைக் காய்ச்சல் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடலாம். பரிசோதனைத் தாள் இல்லாத குதிரையை, யாருடையதாக இருந்தாலும், நாங்கள் இப்போது சேர்ப்பதில்லை.

ஏன் காட்டுக்குள் வேண்டாம்

சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது, 33ஏ. சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 5 கி.மீ. சுற்றிலும் வளர்க்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. வீட்டுக் கால்நடையிலிருந்து நோய் காட்டுக்கு ஏறும் என்ற பயம்தான் காரணம். முதலமடைக்குத் தெற்கே மலையை ஒட்டி நாம் போகும் பாதை பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் வரும். ஏற்பாட்டாளர் "உள்ளே போக பர்மிஷன் வாங்கியாச்சு" என்றால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும், என்னைக் கேட்டால், போகாதீர்கள்.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது சாணம். குதிரை தின்ற விதைகளில் பல, சாணத்தில் முளைக்கும் திறனோடு வெளியே வரும். ரோட்டோரப் பார்த்தீனியத்தின் விதை தீவனத்தோடு உள்ளே போனால் அடுத்த இரண்டு மூன்று நாளில் போகிற வழியெல்லாம் விழும். வரையாட்டின் புல்லைக் களை தின்கிறது என்று வசூல் பண்ணிவிட்டு நாமே களையை விதைத்து வருவதா? அதனால் சவாரிக்கு மூன்று நாள் முன்பிருந்து சுத்தமான தீவனம் மட்டும் கொடுங்கள்: பூ விடும் முன் அறுத்த புல், சலித்த கொள்ளு, தவிடு. குளம்பிலும் வாலிலும் ஒட்டிய மண்ணையும் முள்ளையும் வீட்டிலேயே சுத்தம் செய்யுங்கள். மலையடிவாரப் பாதையில் பின்னால் வரும் ஜீப்பில் ஒரு மண்வெட்டியும் சாக்கும் இருக்கட்டும். அள்ளிய சாணத்தைத் தென்னைக்கு உரமாக யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

யானையும் இருக்கிறது. மலையடிவாரத் தோட்டங்களில் இருட்டியபின் யானை இறங்கும். விடிந்து வெளிச்சம் வந்தபின் கிளம்பி, பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எப்படிக் கேட்பது

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்பதுதான் எனக்கு நன்றாக வந்தது. கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் 40 கி.மீ.க்கு 400. டீக்கடைக்காரரும் தரக்கூடிய தொகை. பள்ளிப் பிள்ளைகளிடம் பணம் வாங்காதீர்கள். படம் வரையச் சொல்லுங்கள், அதை அப்பா அம்மாவிடம் காட்டுவார்கள். நோட்டீஸை ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் மலையாளத்திலும் அடியுங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் இரண்டும், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். ஒன்றை விட்டால் பாதிப் பேரை விட்டதாகும்.

தேங்காய் மண்டிக்கார ஐயா ஒருவரிடம் போனேன்.

"ஆட்டுக்குக் காசு கேட்க எதுக்கு கண்ணு குதிரை?" என்றார்.

"சும்மா வந்து கேட்டா நின்னு பேச மாட்டீங்களேங்க ஐயா."

"அந்த ஆடு எனக்கு என்ன பண்ணுது?"

மேலே புல்வெளியும் சோலையும் மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதையும், அந்தத் தண்ணீரே கீழே நம் வாய்க்காலுக்கு வருவதையும் சொன்னேன். புல்வெளி நன்றாக இருக்கும் இடத்தில்தான் வரையாடு இருக்கும் என்றேன். ஆழியாற்றுத் தண்ணீர் வராத வருடங்களைப் பற்றி அவரே பத்து நிமிடம் பேசினார். அப்புறம் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். ஒருவர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறாரோ அங்கிருந்து தொடங்குங்கள். கொடுத்த அன்றே ரசீது.

சவாரி நாள்

டிசம்பரும் ஜனவரியும் நல்ல மாதம். பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று வீசும், தூசி பறக்கும், ஆனால் வெயில் தாங்கும். அதே மாதங்களில்தான் முதலமடை மாந்தோப்புகள் பூக்கும், மருந்து அடிப்பார்கள். தோப்புக்குள் குதிரையை மேயவிடாதீர்கள், ஒரு வாய்ப் புல் கூட வேண்டாம். தோப்புக்காரரிடம் என்றைக்கு மருந்தடித்தார் என்று கேட்டுப் பாதையை முடிவு செய்யுங்கள். தென்னை மரத்தடியில் குதிரையைக் கட்டி நிறுத்தவும் வேண்டாம். காய் விழும், மட்டை விழும்.

காலையில் சேணம் போடும் முன் நாடித்துடிப்பு பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ரத்தக்குழாய் உருளும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். பாதி தூரத்தில் மருத்துவர் நிற்கும் இடத்தில் அரை மணி நேர ஓய்வுக்குள் 64க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அந்தக் குதிரைக்கு அன்றைய சவாரி முடிந்தது. இதில் பேரம் கிடையாது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும்; கூடாரம் போல நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை.

வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, வயிற்று வலி வரும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதையோடு இதில் மட்டும் மாறுபடுகிறேன். வழியில் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் குடிக்க விடுங்கள். தண்ணீர் கொடுக்காமல் வைப்பதுதான் ஆபத்து. வாய்க்காலில் குடிக்கப் பழகாத குதிரைக்கு வீட்டு வாளியையே கொண்டு போங்கள்.

தாரில் நடை மட்டும். இரும்பு லாடம் வழுக்கும், குளம்பு அதிரும். மண்பாதை வந்தால் துள்ளுநடை. லாரி ஹாரன் அடித்தால் குதிரையின் தலையைச் சத்தம் வரும் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், பார்த்தால் பயம் பாதி குறையும். வரிசையில் பழகிய குதிரை முன்னால், பயந்த குதிரை நடுவில். உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டி எல்லாருக்கும் பின்னால் விடுங்கள். யாரும் பந்தயம் கட்டக் கூடாது. இளவட்டம் இருந்தால் இதை முந்தின நாளே முகம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இறங்கியபின்

கடைசி இரண்டு கி.மீ. இறங்கி, வயிற்று வாரைக் கொஞ்சம் தளர்த்தி, கூடவே நடங்கள். நின்றதும் தண்ணீர் ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றி, நிழலில் நிறுத்துங்கள். முதலில் புல். மூச்சும் துடிப்பும் பழைய நிலைக்கு வந்தபின், ஒரு மணி நேரம் கழித்துக் கொள்ளு. தண்ணீரில் கொஞ்சம் உப்பு கலந்து ஒரு வாளி, வெறும் தண்ணீர் ஒரு வாளி என்று இரண்டையும் வையுங்கள். அன்று இரவு ஒருமுறை எழுந்து பாருங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, பின்னந்தொடை கல்லாக இறுகி நகர மறுத்தாலோ, தரையைக் காலால் பறித்து வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுநாள் காலை வெறும் முதுகோடு நேர்கோட்டில் நடத்திப் பார்த்து, கால் சரியாக வைத்தால் மட்டும் இரண்டாம் நாள் சேணம். எல்லாம் முடிந்தபின் ஒரு வாரம் ஓய்வு, கையில் பிடித்து நடத்துவது மட்டும்.

பணக் கணக்கை பத்து நாளுக்குள் எழுதி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த அமைப்புக்குப் போய் என்ன வேலை நடந்தது என்று கேட்டு, படம் வாங்கி வாருங்கள். போன தடவை சீகை மரம் வெட்டி எடுத்த சரிவில் புல் முளைத்த படம் கிடைத்தது. தாளில் பெரிதாக அச்சடித்து மண்டிக்கார ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆட்டைக் காணோமே கண்ணு?"

"புல்லு இப்பதாங்க ஐயா முளைச்சிருக்கு."

"சரி, அடுத்த வருசம் எப்ப வர்றே?" என்று கேட்டார்.